நாளுக்கு நான்கு இடம்

கண்டி ஹோட்டல் வாசலில் வேனில் ஏறும் பயணி முதலில் நீட்டுவது ஒரு பட்டியல். முன்பெல்லாம் ஹோட்டல் கடதாசியில் பேனாவால் எழுதியிருப்பார்கள், இப்போது கைபேசியில் வைத்திருக்கிறார்கள். பின்னவல யானைகள், மாவனல்லைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம், கடுகண்ணாவைக் கோபுரம், மூன்று பழைய கோயில்கள், கம்பளை அம்புலுவாவ, பேராதனைப் பூங்கா, பொழுது சாய்ந்ததும் தலதா மாளிகைப் பூசை. எண்ணினால் ஒன்பது வரும். “ஒரே நாளில் முடியுமா?” என்று கேட்பார்கள்.

முடியும். தொண்ணூறுகளில் நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு நாள், கடைசிக்கு முந்தின இடமான பேராதனைப் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நான்கு பேரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினேன். ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இதைக் காலையிலேயே பார்த்துவிட்டோமே” என்றார். அவர்கள் அதைப் பார்த்திருக்கவில்லை. காலையில் பார்த்தது எது, பார்க்காமல் விட்டது எது என்று அவருக்கே பிடிபடவில்லை. கூலியை எண்ணிக் கொடுத்தார்கள், கூடவே சந்தோஷமும் தந்தார்கள். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இப்போது நான் நான்கு இடம்தான் சொல்கிறேன். அந்த நான்குக்கு வந்து சேர எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்கு பிலிமத்தலாவை என்றால் பஸ் யன்னலில் மின்னி மறையும் பித்தளைக் கடை வரிசை. குத்துவிளக்கும் யானையும் சாம்பிராணித் தட்டும் வெயிலில் பளபளக்கும், பார்ப்பதற்குள் பஸ் கிரிபத்கும்புரையைப் பிடித்துவிடும். நான் பிறந்தது கடுகண்ணாவைக்கு மேலே ஒரு தோட்ட லயத்தில். 1984இல், பதினேழு வயதில், மலையை விட்டு இறங்கி பிலிமத்தலாவைச் சந்தியில் ஒரு லொறியில் கிளீனராகச் சேர்ந்தேன். ஏற்றத்தில் லொறி நின்றால் பாய்ந்து இறங்கி பின் சில்லுக்குக் கட்டை வைப்பதும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டு ஓடுவதும் என் வேலை. ஓட்டிய அண்ணன் அதிகம் பேசமாட்டார். கடுகண்ணாவை இறக்கத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: “ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. பிரேக்க நம்புனா பள்ளத்துலதான் போய் நிப்ப.”

அந்தக் காலத்து வண்டிகள் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிக்கும். மொரிஸ் மைனரானாலும் பழைய லேலண்ட் லொறியானாலும் மேலே வந்ததும் மூச்சு வாங்கி, மூடிக்குக் கீழே ஆவி சீறும். மூடியை உடனே திறந்தால் முகம் வெந்துவிடும். இருபது நிமிடமாவது ஆறவிட வேண்டும். அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் வளைவுக்கு வளைவு தேத்தண்ணிக் கடை இருந்தது. வெறுந்தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டுமாக ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தால், கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி மெல்ல எழும்பும், அதற்கு அப்பால் பத்தலேகல தலையைக் காட்டும். புத்தகம் போலிருப்பதால் வெள்ளைக்காரர்கள் அதற்கு பைபிள் ரொக் என்று பெயர் வைத்தார்கள்.

இன்றைய வண்டிகள் கொதிப்பதில்லை, அதனால் நிற்பதும் இல்லை. முன்பு இயந்திரமே எங்களை நிறுத்தி வைத்தது. இன்று அந்த வேலையைச் சாரதிதான் செய்ய வேண்டும். காலை ஆறரைக்குக் கண்டியில் பயணிகளை ஏற்றினால், நடுவில் எங்கும் நிற்காமல் நேரே கடுகண்ணாவைக்கு வந்து, எஞ்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருப்பேன். “ஏதாவது கோளாறா?” என்று கேட்பார்கள். “ஆறவிடுகிறேன்” என்பேன். வண்டி ஆறுவதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த இருபது நிமிடத்தில்தான் வீதியின் கதையைச் சொல்வது. மலையைத் துளைத்து வருகிறவனுக்கே கண்டி ராஜ்யம் போகும் என்றொரு பேச்சு அந்த நாளில் இருந்ததாம். ஆங்கிலேயர்கள் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி போட்டதும் அது பலித்துவிட்டதாகக் கதை. உண்மையில் ராஜ்யம் 1815இலேயே போய்விட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை வெட்டுவித்ததும் பாறையில் துளை விழுந்ததும் அதற்குப் பிறகு, 1820களில். வேலையைப் பார்த்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாக 1832இல் எழுப்பியதுதான் மேலே நிற்கும் வெள்ளைக் கோபுரம். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. குடைந்த பாறையின் பக்கத்தாலேயே இன்று அகலமான வீதி போகிறது. துளைக்குள் யாரும் வண்டி ஓட்ட வேண்டியதில்லை, படம் எடுக்க மட்டும்தான் அது. கதையைச் சொல்லும்போது இந்த ஆண்டுக் கணக்கையும் சேர்த்தே சொல்வேன். வெறும் கதையைக் கேட்டவர் தலையாட்டுவார். ஆண்டையும் கேட்டவர் எதிர்க் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் பயணி தூங்கமாட்டார்.

லொறியை விட்டு, 1991இல் ஒரு முதலாளியின் லைட்ஏஸ் வேனில் ஹயர் ஓடத் தொடங்கினேன். கமிஷன் என்பதை அங்கேதான் படித்தேன். வெளியாட்களுக்கு இது தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். பயணிகள் இறங்கி ஒரு கடைக்குள் போனதும், சாரதி பின்பக்கத்தால் போவான். அங்கே ஒரு கொப்பி இருக்கும். வண்டி இலக்கம், பெயர், எத்தனை பேர் என்று எழுத வேண்டும். சாரதிகளுக்கென்று தனி மேசையில் சோறு போடுவார்கள், காசு கேட்கமாட்டார்கள். பயணிகள் வாங்கிய பில்லில் ஒரு பங்கு அன்றைக்கோ மாதக் கடைசியிலோ உறையில் வரும். பித்தளைக் கடை, மாணிக்கக் கடை, பத்திக் கடை, மசாலாத் தோட்டம், எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். சில நாளில் ஹயர் கூலியைவிட உறை கனமாக இருக்கும். முதலாளிமார் அதைத் தெரிந்தே சாரதிச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எந்த வழியால் போவது, எந்த ஊரில் நிறுத்துவது என்பதையெல்லாம் உறைதான் முடிவு செய்தது. ஒன்பது இடப் பட்டியலில் அந்த வாசனைத் திரவியத் தோட்டம் அப்படி நுழைந்ததுதான்.

1994 என்று நினைவு. ஒரு வயதான ஜெர்மன் தம்பதி. நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு வாரம் கிடந்துவிட்டு, உள்நாட்டையும் ஒருமுறை பார்ப்போமே என்று மலைக்கு வந்தவர்கள். நான் கூட்டிப்போன கடையில் அந்த அம்மா ஒரு தூங்காவிளக்கு வாங்கினார். மாலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் சின்னதொரு பட்டறைக் கடை. அதே விளக்கு, அதே வார்ப்பு, விலை மூன்றில் ஒரு பங்கு. அவர் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை வழியெல்லாம் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், ஹோட்டல் வரைக்கும் வாயே திறக்கவில்லை.

உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். வண்டி என்னுடையதாக இருக்கவில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனால் அந்த மௌனம் உறுத்திக்கொண்டே இருந்தது. 2001இல் தவணைக்கு ஒரு பழைய ஹயஸ் எடுத்தேன். அன்றைக்கே கொப்பியில் பெயர் எழுதுவதை நிறுத்தினேன். ஹயர் கூலியைக் கூட்டினேன். “மற்றவன் குறைவாகச் சொல்கிறானே” என்று கேட்பவருக்கு, மற்றவன் எப்படி ஈடுகட்டுகிறான் என்பதைச் சொல்லிவிடுவேன். பாதிப்பேர் போய்விடுவார்கள். மிச்சப் பாதி அடுத்த வருடம் தங்கள் அண்ணனையோ அயலவரையோ அனுப்புவார்கள். பித்தளை வாங்க விரும்புகிறவரை வார்ப்புப் பட்டறைக்கே கூட்டிப்போகிறேன். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, உருகிய பித்தளையை ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் விலையில் அடித்துப் பேசுவதில்லை.

உறை போனதும் வழி எனக்குச் சொந்தமாயிற்று. பிலிமத்தலாவைச் சந்தியில் தவுலகல வீதியில் திரும்பினால் சிறிது தூரத்தில் கடலாதெனிய, பிறகு லங்காதிலக, பிறகு எம்பக்கே. மூன்றும் கம்பளை தலைநகராக இருந்த 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எதை முதலில் பார்ப்பது என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்லாது, உள்ளங்கால் சொல்லும். கடலாதெனியவும் லங்காதிலகவும் வெறும் பாறை மேல் நிற்பவை, செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் கால் வைத்தவர் எதையும் பார்க்கமாட்டார், நிழலுக்கு நிழல் குதித்துக்கொண்டிருப்பார். அதனால் அவை இரண்டும் காலையில். எம்பக்கே மரமும் ஓடும் கொண்டது, நண்பகலுக்கும் தாங்கும்.

லங்காதிலகவுக்கு நான் நூறு தரமாவது போயிருப்பேன். ஏ9 வீதி திறந்த பிறகு, 2003இல், யாழ்ப்பாணத்திலிருந்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். யுத்தத்தால் இருபது வருடமாகக் கண்டிப் பக்கம் வராதவர். விகாரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாறையில் ஓரிடத்தில் குனிந்து நின்றார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் போனேன்.

“தம்பி, இது என்ன எழுத்தெண்டு தெரியுமோ?”

“பழைய சிங்களம், ஐயா.”

“அங்காலை இருக்கிறது சிங்களம். இது தமிழ். உங்கட ஊரிலை இருக்குது, உங்களுக்கே தெரியாதோ?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பாறையில் நின்று வெள்ளைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். லயத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை நான் படித்த தமிழ் காலடியில் கிடந்தது தெரியவில்லை. அந்த எழுத்தை இன்றும் என்னால் வாசிக்க முடியாது, அவராலும் முழுதாக முடியவில்லை. ஆனால் அன்றிரவே தெரிந்தவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல், சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது லங்காதிலக. கட்டிய சிற்பி ஸ்தபதி ராயர். அதே ஆண்டு எழுந்த கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி. இருவரும் தென்னிந்தியத் தச்சு மரபில் வந்தவர்கள். லங்காதிலகவில் முன்பக்கம் புத்தர் இருக்கிறார், சுற்றியுள்ள சன்னிதிகளில் விநாயகரும் விபீஷணனும் இருக்கிறார்கள். இதையெல்லாம் சாரதி அனுமதிக்கான எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். அன்றிலிருந்து தமிழ்ப் பயணிகளை அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தாமல் கூட்டிவந்ததில்லை.

லங்காதிலகவிலிருந்து எம்பக்கேக்கு நடக்கக்கூடியவர்களை நடக்க விடுவேன். படியால் இறங்கி, வயல் வரப்பும் கமுகந்தோட்டமுமாகப் போகிற வழி. நான் வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் எம்பக்கே வாசலில் நிற்பேன். இளம் சாரதிகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்: “காசு வாங்கிட்டு நடக்க விடுறீங்களே அண்ணே!” நடந்து வருகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்தால் சிரிக்கமாட்டார்கள். காலில் சேறு, கையில் யாரோ கொடுத்த கொய்யாப்பழம். அந்த நாளில் அவர் தானாகக் கண்டுபிடித்தது அந்த ஒரு வழிதான்.

எம்பக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. நம்மவர்கள் “முருகன்தானே” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பூசை செய்யும் கப்புறாளை அதற்கொன்றும் சொல்வதில்லை. மரத்தூண்களில் மல்லர், அன்னம், இரட்டைத்தலைக் கழுகு. தேவேந்திர மூலாச்சாரி செதுக்கியவை என்பது வழிவழிப் பேச்சு. எல்லோரும் தூணைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நான் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். கூரையின் இருபத்தாறு கைமரங்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே மர ஆப்பில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மடோல் குருப்பாவ என்று அதற்குப் பெயர். ஒரு தடவை தஞ்சாவூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருவர் அதன் கீழ் முக்கால் மணி நேரம் நின்றார். மற்ற எல்லோரும் வேனில் காத்திருந்தார்கள். நான் ஹோர்ன் அடிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கம்பளை. பழைய ராஜதானி என்று இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், கடைத்தெருவும் பஸ் நிலையமும் மகாவலி ஆறும்தான் இருக்கும். ராஜதானி விட்டுப்போனவற்றைக் காலையிலேயே மலையில் பார்த்துவிட்டோம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முஸ்லிம் கடைகளில் சோறு சூடாக இருக்கும் நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை. அதைத் தவறவிட்டால் ஆறின குழம்புதான். மூன்று மொழியும் ஒரே மேசையில் கேட்கும் ஊர் அது. பயணிகளைக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் விட்டுவிடுவேன், வழிகாட்டிகூட வேண்டாம். அம்புலுவாவ மலைமேல் 2006இல் கட்டிய சுருள் கோபுரத்துக்குத்தான் இப்போது எல்லா இளைஞர்களும் போகிறார்கள். என் நீட்டு ஹயஸை அந்த ஒடுங்கிய பாதையில் ஏற்றுவதில்லை, ஆட்டோவில் அனுப்புவேன். உச்சியை நெருங்க நெருங்கப் படிக்கட்டு ஒடுங்கி, எதிரே ஒருவர் வந்தால் கம்பியோடு ஒட்டிக்கொள்ள வேண்டிவரும். தலைசுற்றுகிறவர்களைக் கடைத்தெருவிலேயே தேத்தண்ணியோடு உட்கார வைப்பதுதான் புத்தி.

இந்தத் தொழில் ஒரே சீராக ஓடியதில்லை. 1983க்குப் பிறகு ஒரு வறட்சி, 1988–89இல் இன்னொன்று. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பின் பல மாதம் கண்டிக்கு ஆளே வரவில்லை. 2004 கடல்கோள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 கொரோனா. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என்னை மட்டும் இறக்கிவிடுவார்கள். பயணிகள் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் கூசிப்போனேன். பிறகு அந்த அரைமணியையும் நாள் திட்டத்தில் சேர்த்தே வைத்தேன், எட்டரை என்றால் ஒன்பது என்று சொல்லிவிடுவேன். பயணிகளுக்கு நான் நேரம் தவறாதவன்.

அந்த வருடங்களில் என்னைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாண வீடு, செத்த வீடு, பேராதனை ஆஸ்பத்திரி. நடு இரவில் பிரசவ வலியோடு வந்தவளை ஏற்றிக்கொண்டு போனதற்கு யாரிடமும் காசு கேட்டதில்லை. பயணிகளை மட்டும் நம்பிய சாரதிகள் வண்டியை விற்றார்கள். இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: டொலர் வரும் போகும், சந்தியில் இருக்கிறவன் போகமாட்டான்.

2022 வேறு விதமாக அடித்தது. பெற்றோல் செட்டில் இரண்டு இரவு வண்டிக்குள் தூங்கியிருக்கிறேன். பிறகு கியூஆர் அட்டை வந்தது, வேனுக்கு வாரம் 20 லீற்றர். என் ஹயஸ் அதில் இருநூறு கிலோமீற்றர் போகும். கண்டி, கடுகண்ணாவை, தவுலகல, கம்பளை, பேராதனை வழியாகத் திரும்பக் கண்டி, எல்லாம் சேர்ந்து எழுபதைத் தாண்டாது. சீகிரியாவுக்கும் எல்லவுக்கும் ஓடியவர்கள் வண்டியை நிறுத்தி வைத்திருந்தபோது, எனக்கு வாரத்தில் இரண்டு சுற்றுக்கு எண்ணெய் இருந்தது. பயணிகள்தான் குறைவு. வந்த சிலரில் ஒரு பிரெஞ்சுப் பெண், “உங்கள் நாட்டில் எண்ணெய் இல்லாததால்தான் இவ்வளவு நன்றாகப் பார்த்தேன்” என்றாள். அவள் சொன்னது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

2025 நவம்பரில் மழை விடாமல் கொட்டி, பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து வீதியோரக் கடையை மூடிற்று. உள்ளே இருந்தவர்கள் சிலர் இறந்தார்கள். அடுத்த சில நாளில் புயல் வந்து மலைநாடு முழுவதையும் உலுக்கியது. வீதி மூடப்பட்டிருந்த நாட்களில் நான் இருபது நிமிடம் உட்காரும் கல்லை நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடமாக அந்த மலையை வேடிக்கை பார்க்கக் காட்டியிருக்கிறேன், அதன் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மழை நாளில் அங்கே நிறுத்துவதும் இல்லை. மேலேயே, 2014இல் கடுகண்ணாவை நிலையத்தில் திறந்த ரயில் நூதனசாலையில்தான் வண்டியை அணைக்கிறேன். பழைய எஞ்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்று, பயணிகள் மழை விடும்வரை காத்திருக்கலாம்.

கண் பார்வை மங்கிவருகிறது, இரவில் ஓட்டுவதில்லை. மகன் கொழும்பில் செயலி வழியாக டாக்ஸி ஓடுகிறான், ஒரு நாளில் இருபது பேரை ஏற்றுகிறானாம். ஒருவர் முகம்கூட நினைவில்லை என்கிறான். அது அவன் தொழில், அவன் காலம். குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் கண்டிக்கு வருவதாக இருந்தால், பட்டியலைக் கொண்டுவாருங்கள், பரவாயில்லை. கடுகண்ணாவை, லங்காதிலக, எம்பக்கே, கம்பளைக் கடைத்தெரு. வழியில் கடலாதெனிய கண்ணில் படும், அதற்குத் தனிக் கணக்கு வைப்பதில்லை. ஐந்தாவது இடம் வேண்டுமென்றால் மறுநாளும் வண்டி இருக்கிறது.